இரண்டாம் மொழியின் சுமை: மூளையியல் ஆய்வு வந்த வழியும் ஒரகடத்துத் தொழிற்கூடங்களும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2006-இல் நோக்கியா வந்தது (2014-இல் மூடப்பட்டது). அருகிலுள்ள ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசானும் 2012-இல் டைம்லரின் லாரி ஆலையும் உற்பத்தியில் இறங்கின. கொரிய, ஜப்பானிய, ஜெர்மன் நிர்வாகங்களுக்குக் கீழே ஆங்கிலமும் தமிழும் கலந்த மேற்பார்வை. அதற்கும் கீழே காண்ட்ராக்ட் தொழிலாளர்களின் ஒடியா, போஜ்புரி, வங்காளம், அசாமியம். கைசன், கன்பான் என்ற ஜப்பானிய உற்பத்தி முறைச் சொற்கள் ஐ.டி.ஐ. முடித்த இளைஞர் வாயில் சரளமாக வருகின்றன. ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். அவர் வழிவந்தோர் வடமொழி மறையையும் தமிழ் மறையையும் இணையாக வைத்து உபய வேதாந்தம் என்றார்கள். ஆக, இருமொழி இந்த மண்ணுக்குப் புதிதன்று. ஓடும் லைனில், இரைச்சலுக்கு நடுவே, ஆபத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு அதைப் பயன்படுத்துவதுதான் புதிது.

பல மொழிகளை மூளை எப்படிக் கையாள்கிறது என்ற ஆய்வுக்கு ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது. அதன் பெரும்பகுதி இருமொழி நல்லதா கெட்டதா என்ற வழக்காடலிலேயே கழிந்தது. எந்த நிலையில் சுமை கூடுகிறது என்பதே ஒரகடத்துக்கு வேண்டிய கேள்வி. அதற்கு உதவும் முடிவுகள் இந்த வழக்கின் ஓரங்களில்தான் கிடைக்கின்றன.

தொடக்கம் பக்கவாத நோயாளிகளிடமிருந்து. பேச்சிழந்தவருக்கு எந்த மொழி முதலில் திரும்பும்? பிரெஞ்சு உளவியலாளர் ரிபோவின் நினைவு பற்றிய கொள்கைப்படி பழையது தங்கும், அதாவது தாய்மொழி. 1895-இல் பித்ர் என்ற மருத்துவர் இதை மறுத்தார்: நோய்க்கு முன் அன்றாடம் புழங்கிய மொழியே முந்தி மீளும் என்றார். ஒவ்வொரு மொழிக்கும் மூளையில் தனி இடம் வேண்டியதில்லை என்பதும் அவர் வாதம். ஆனால் அந்தத் தனியிட ஆசை எளிதில் சாகவில்லை. 1867-லேயே ஸ்கோர்ஸ்பி-ஜாக்சன் என்ற மருத்துவர், மூளையில் பேச்சோடு தொடர்புடைய ப்ரோகா பகுதியில் தாய்மொழிக்கு ஓரிடம், பின்னர் கற்றவற்றுக்கு வேறிடம் என ஊகித்திருந்தார். 130 ஆண்டுகள் கழித்து, 1997-இல், கிம்மும் ஜாய் ஹிர்ஷ் உள்ளிட்டோரும் மூளையின் இயக்கத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. கருவியில் ஏறத்தாழ அதையே கண்டதாக அறிவித்தனர். குழந்தையிலேயே இரு மொழி கற்றவருக்கு ப்ரோகா பகுதியில் இரண்டும் ஒரே இடத்தில் இயங்கின; வளர்ந்தபின் கற்றவருக்கு அருகருகே தனித்தனியாக இயங்கின. சோதிக்கப்பட்டவர் 12 பேர்தான். இவ்வளவு சிறிய ஆய்வு பாடநூல்களில் பெற்ற இடம் அதன் தகுதிக்கு மிஞ்சியது என்பது என் கருத்து.

பள்ளிகளில் வேறொரு கதை நடந்தது. 1923-இல் சேயர், வேல்சு நாட்டுக் குழந்தைகளைச் சோதித்து இருமொழியாளர் அறிவுத்திறனில் பின்தங்குகிறார்கள் என்றார். அந்தப் பின்னடைவு கிராமத்துப் பிள்ளைகளிடம் மட்டும் தெரிந்தது, நகரத்தில் இல்லை. வறுமையையும் பள்ளி வசதியையும் மொழியின் கணக்கில் எழுதிவிட்டார்கள். குடும்ப நிலையைச் சமப்படுத்தி ஒப்பிட்ட பீல், லாம்பர்ட் இருவரின் மாண்ட்ரியல் ஆய்வு (1962) முடிவைத் தலைகீழாக்கியது. இந்தியாவில் அஜித் மொஹந்தி இன்னும் நேர்த்தியான களத்தைக் கண்டார். ஒடிசாவின் கோந்த் பழங்குடியினரில் குயி மொழியும் ஒடியாவும் பேசுவோர் ஒருபுறம், குயியை இழந்து ஒடியா மட்டும் பேசுவோர் மறுபுறம், சமூகம் ஒன்றே. மொழி பற்றிய விழிப்பைச் சோதித்தபோது இருமொழிக் குழந்தைகளே முன்னின்றனர். ஒரகடத்துக்கு ஆள் வரும் மாநிலங்களில் ஒடிசாவும் ஒன்று என்பதால் இந்த ஆய்வை இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

அடுத்த திருப்பம், இடத்திலிருந்து இயக்கத்துக்கு. 1998-இல் டேவிட் கிரீன் முன்வைத்த கோட்பாட்டின்படி, ஒருவர் ஒரு மொழியில் பேசும்போது மற்றது உறங்குவதில்லை; மூளை அதை அடக்கிவைக்கிறது. 1999-இல் மியூட்டர், ஆல்போர்ட் இருவரும் இதை எளிய சோதனையால் காட்டினர். திரையின் நிறம் மாறினால் எண்ணை வேறு மொழியில் சொல்ல வேண்டும். இரண்டாம் மொழிக்குத் தாவுவதைவிடத் தாய்மொழிக்குத் திரும்பவே அதிக நேரம் பிடித்தது. வலுவான மொழியை அடக்கக் கூடுதல் விசை தேவை. அடக்கியதை விடுவிக்கவும் நேரம் தேவை. இந்தியில் ஓர் ஆளுக்குக் கட்டளை சொல்லிவிட்டுத் தமிழுக்குத் திரும்பும் சூப்பர்வைசர் ஒரு நொடி தடுமாறினால் அது கவனக்குறைவாக இருக்க வேண்டியதில்லை. அந்த இந்தி எதிரே நிற்பவருக்கும் பெரும்பாலும் கற்ற மொழிதான். வடக்கிலிருந்து வந்தவர் எல்லோருக்கும் இந்தியே தாய்மொழி என்று நாம் பேசுகிறோம். உண்மையில், தமிழை அடக்கிய ஒரு தலையும் ஒடியாவையோ சந்தாலியையோ போஜ்புரியையோ அடக்கிய இன்னொரு தலையும் அங்கே உரையாடுகின்றன.

இதே அடக்கும் பயிற்சி முதுமையில் மூளைக்குக் காப்பாகிறதா? டொராண்டோவில் எல்லன் பியாலிஸ்டாக் குழு 2007-இல், இருமொழியாளருக்கு மறதிநோய் சுமார் 4 ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கியதைக் கண்டது. அங்கே இருமொழியாளரில் பலர் குடியேறிகள். காப்பு மொழியிலிருந்து வந்ததா, வேறெதிலிருந்தா என்று பிரிக்க முடியவில்லை. குடியேற்றம் குறுக்கிடாத ஹைதராபாத் அந்தச் சிக்கலை அவிழ்த்தது. நிஜாம் மருத்துவ அறிவியல் கழகத்தில் சுவர்ணா அல்லாடி குழுவினர் 648 மறதிநோயாளிகளை ஆராய்ந்தனர். 391 பேர் இருமொழி அல்லது பன்மொழியாளர். 2013-இல் வெளியான முடிவு: தாமதம் நாலரை ஆண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவரிடமும் வேறுபாடு நின்றது. மூன்றாவது, நான்காவது மொழியால் கூடுதல் பயன் தெரியவில்லை. 2016-இல் அதே குழு 608 பக்கவாத நோயாளிகளைப் பார்த்தபோது, அறிவாற்றல் குறையாமல் மீண்டவர் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு, ஒருமொழியாளரில் 19.6.

மறுப்பும் வலுவானது. பாப், கிரீன்பெர்க் இருவரும் 2013-இல், கவனக் கட்டுப்பாட்டில் இருமொழியாளருக்கு மேன்மை எதையும் காண முடியவில்லை என்றனர். 2019-இல் அமெரிக்காவின் 9, 10 வயதுக் குழந்தைகள் 4,500-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வும் அதையே சொன்னது. இளமையில் இருமொழி அறிவைக் கூர்மையாக்குகிறது என்ற விளம்பரத்தை விட்டுவிடலாம். முதுமை பற்றிய ஹைதராபாத் தரவு அவ்வளவு எளிதில் விழாது.

ஒரகடத்துக்கு நேரடியாகப் பயன்படுபவை, இந்தப் போரில் அதிகம் பேசப்படாத இரண்டு ஆய்வுகள். மேயோவும் கூட்டாளிகளும் 1997-இல், இரைச்சலில் பேச்சு எவ்வளவு புரிகிறது என்று சோதித்தனர். வயது கடந்து இரண்டாம் மொழி கற்றவர் அமைதியில் நன்றாகப் புரிந்துகொண்டனர். இரைச்சல் ஏறியதும் மற்றவர்களைவிட விரைவில் தோற்றனர். 2001-இல் ஸ்பெல்கி, சிவ்கின் இருவரும், துல்லியமான எண் கணக்கு அதைப் பயின்ற மொழியிலேயே விரைந்து வருவதை ரஷ்ய-ஆங்கில இருமொழியாளரிடம் காட்டினர். தகடுகளை அச்சில் அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இரைச்சலும் எண்ணும் ஒன்றாகவே இருக்கின்றன. அமைதியான பயிற்சி அறையில் இந்தியில் தலையாட்டியவர், அச்சு இறங்கும் இடத்தில் அதே இந்தியைக் கேட்டு உணர்வார் என்று கொள்வது அறிவியலுக்கு ஒவ்வாதது.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். பாதுகாப்புப் பயிற்சியையும் அவசரக் கட்டளைகளையும் தொழிலாளியின் வீட்டு மொழியில் கொடுங்கள். ஆலைகளும் தொழிலகப் பாதுகாப்புத் துறையும் இதை விதியாக்க வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் தலைக்காயத்தோடும் பக்கவாதத்தோடும் வருவோரின் பதிவேட்டில், எந்தெந்த மொழி, எந்த வயதில், எங்கே கற்றது என்று ஒரு பத்தி சேர்க்க வேண்டும். ஹைதராபாத் ஆய்வுக்குத் தேவைப்பட்ட தகவலும் இந்த வகையைச் சேர்ந்ததுதான்.