முகிலுக்குள் நடப்பதை யார் அறிவார்?



சன்னலிற் பதித்த கண்ணாடியை இரண்டு விதமாகப் புகழலாம். தான் இருப்பதே தெரியாதபடி இருக்கிறது என்பது ஒன்று; தனக்கு அப்பால் உள்ளதைக் காட்டுகிறது என்பது மற்றொன்று. கணினி நூலார் நெடுங்காலம் முதலாவது பொருளிலேயே 'ஒளிபுகு தன்மை' என்னுஞ் சொல்லை ஆண்டு வந்தனர். பல இடங்களிற் பரந்துகிடக்கும் இயந்திரங்கள் ஒரே இயந்திரம் போலத் தோன்றவேண்டும். கோப்பு எந்த ஊரில் இருக்கிறது, எத்தனை பிரதிகள் உள்ளன, எந்தப் பகுதி பழுதாயிற்று என்பவற்றைப் பயன்படுத்துவோன் அறியவேண்டியதில்லை. 1990களிற் சர்வதேசத் தர நிறுவனம் வகுத்த மாதிரியொன்று, இத்தகைய மறைப்புகளைப் பெயரிட்டு வரிசைப்படுத்தியும் வைத்தது.

பெரிய வர்த்தக நிறுவனங்கள் தம் கணக்கேடுகளையும் வாடிக்கையாளர் பதிவுகளையும் பிறருடைய இயந்திரங்களில் ஒப்படைக்கத் தொடங்கியபோதுதான் இரண்டாவது பொருளின் தேவை எழுந்தது. தன் பெட்டகத்தைப் பிறர் வீட்டில் வைத்தவன், அந்த வீட்டிற்குள் என்ன நடக்கிறது என்று கேளாமல் இருப்பானா? முகிற் கணிமையின் வரலாற்றில் ஒரு பெரும் பகுதி இந்த இரண்டு பொருள்களுக்கும் இடையே நடந்த இழுபறியே ஆகும்.

சான் பிரான்சிஸ்கோ நகரில் 1999இல் தொடங்கிய சேல்ஸ்போஸ் நிறுவனம், விற்பனையாளருக்கு வேண்டிய மென்பொருளை இணைய வழியாக வாடகைக்கு விட்டது. 2005 டிசெம்பர் 20ஆந் திகதி அதன் சேவை பல மணி நேரம் முடங்கிற்று. வாடிக்கையாளர் சினந்தனர்; பத்திரிகைகள் எள்ளின. அடுத்த ஆண்டில் அந்நிறுவனம் செய்தது அன்றைய வழக்கத்துக்குப் புறம்பான காரியம்: தன் இயந்திரங்களின் நிலையைக் காட்டும் விபரங்களை, 'நம்பிக்கை' எனப் பொருள்படும் பெயர் கொண்ட தளமொன்றில் எல்லோரும் பார்க்கும்படி திறந்துவிட்டது. போட்டியாளர் அதனைப் பயன்படுத்திப் பழிப்பார்களே என்ற அச்சம் இயல்பானதே. ஆயினும் பழிப்பை விட ஐயமே வர்த்தகத்தைக் கெடுக்கும் என்று கணித்தார்கள். கணிப்புப் பிழைக்கவில்லை. பின்வந்த நிறுவனங்கள் பலவும் இத்தகைய நிலைப் பலகைகளை வைக்கலாயின.

பலகை இருந்தாற் போதுமா? அமேசன் நிறுவனத்தின் கதை இதற்கு விடை தருகிறது. 2011 ஏப்பிரல் 21ஆந் திகதி நள்ளிரவு கடந்த வேளையில், வடக்கு வேர்ஜினியாவிலுள்ள அதன் நிலையத்தில் வலைப்பின்னலின் கொள்ளளவைக் கூட்டும் வழக்கமான பணி நடந்தது. அப்போது போக்குவரத்துத் தவறுதலாகச் சிறிய பாதையொன்றிற் திருப்பிவிடப்பட்டது. அங்கே ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் பிரதி ஒன்று உண்டு; பிரதியோடு தொடர்பு அறுந்தால், சேமிப்புக் கணினி உடனே புதுப் பிரதிக்கு வெற்றிடந் தேடும். அன்று எண்ணற்ற கணினிகளின் தொடர்பு ஒரே கணத்தில் அறுந்தது. இணைப்பு மீண்டதும் அவை யாவும் ஒன்றாக இடந் தேடின. பெருமழையில் ஒரே சத்திரத்தை நாடி ஓடிய கூட்டம் போலாயிற்று நிலை. அந்த வலயத்திலிருந்த தொகுதிகளில் 13 சதவீதமானவை சிக்கிக்கொண்டன. றெடிற், குவோறா முதலிய பெயர்பெற்ற தளங்கள் இடர்ப்பட்டன. இறுதியில் 0.07 சதவீதமானவற்றை மீட்கவே முடியவில்லை.

ஏப்பிரல் 29ஆந் திகதி அமேசன் வெளியிட்ட நீண்ட விளக்கமே வரலாற்றுக்கு முக்கியமானது. வலயங்கள் ஒன்றிலொன்று தங்காதவை என நம்பியே வாடிக்கையாளர் தம் ஏற்பாடுகளைச் செய்திருந்தனர். ஆனால் அவ்வலயங்களுக்குப் பொதுவான கட்டுப்பாட்டு அமைப்பு ஒன்று இருந்தது. ஒரு வலயத்தின் நோய் மற்றையவற்றையுந் தீண்டியது அதன் வழியாகவே. இந்த உண்மையை முன்னரே தெளிவாக அறிந்திருந்தாற் பலர் வேறுவிதமாக ஆயத்தஞ் செய்திருப்பர். விபத்தின் போது தாம் தந்த தகவல் போதாது என்பதையும் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது.

2017 பெப்ரவரி 28ஆந் திகதி நடந்ததோ சிரிப்புக்கு இடமானது, நட்டப்பட்டோர் சிரித்திருக்கமாட்டார்கள். அதே வட்டாரத்தில், சில கணினிகளை நீக்குவதற்காக ஊழியர் ஒருவர் இட்ட கட்டளையில் ஒரு பிழை நேர்ந்தது; வேண்டியதிலும் மிகுதியான கணினிகள் நீங்கின. காலை 9.37க்குச் சேமிப்புச் சேவை நின்றது. ஆனால் நிலைப் பலகையை மாற்றும் கருவியும் அதே சேமிப்புச் சேவையையே நம்பியிருந்தது! ஆகவே முற்பகல் 11.37 வரையும் தனித்தனிச் சேவைகளின் நிலையைப் பலகையிற் திருத்த இயலவில்லை. இரண்டு மணி நேரம் பலகை நலமென்றே சொல்லிக்கொண்டிருந்தது. நோயாளியே தன் நாடியைப் பார்த்துச் சொல்லும் வைத்தியம் இப்படித்தான் முடியும்.

ஆகையாற் பிறர் வந்து பார்த்துச் சான்று கூறவேண்டும் என்ற வழக்கம் வலுப்பெற்றது. அமெரிக்கக் கணக்காளர் நிறுவனம் 1992இல் வெளியிட்ட கணக்காய்வு விதி, 2011 அளவிற் புதிய அறிக்கை முறைக்கு இடங்கொடுத்தது. பாதுகாப்பையும் சேவை கிடைக்குந் தன்மையையும் கணக்காய்வாளர் ஆராய்ந்து எழுதுகின்றனர். அவ்வறிக்கை பெரும்பாலும் இரகசியங் காப்பதாகக் கையொப்பமிட்டவருக்கே காட்டப்படுகிறது என்பது வேடிக்கைதான். திருடருக்கும் அது வழிகாட்டியாகலாம் என்பதையும் மறுக்க முடியாது.

கோப்பு எங்கே இருக்கிறது என்னும் கேள்வியும் நீதிமன்றம் ஏறியது. டப்ளினில் மைக்றோசொவ்ற் வைத்திருந்த மின்னஞ்சலை, 2013இல் நியூயோர்க் நீதிமன்றத்தின் ஆணை கோரிற்று. நிறுவனம் மறுத்து வாதாடி 2016இல் மேன்முறையீட்டில் வென்றது. 2018 மார்ச்சில் இயற்றப்பட்ட சட்டமோ, தரவு எந்நாட்டில் இருப்பினும் அமெரிக்க நிறுவனங்கள் கொடுக்கவேண்டும் என்றது.

நம் நாட்டிலும் இலங்கை அரச முகில் என்ற ஏற்பாடு உண்டு. 2023 ஆகஸ்டில் கப்பங் கோரும் தீயநிரல் அதனைத் தாக்கிற்று. சுமார் 5,000 அரச முகவரிகளின் மின்னஞ்சல்களில், மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரைக்கும் உரியவை மீளாமற் போயின. இணைப்பிலிருந்த காப்புப் பிரதிகளும் பூட்டப்பட்டுவிட்டன. அக்காலத்துக்கெனத் தனியே எடுத்துவைத்த பிரதி இல்லை. ஓடிக்கொண்டிருந்ததோ 2013ஆம் ஆண்டின் மென்பொருள். அதற்குரிய ஆதரவை உற்பத்தியாளர் அவ்வாண்டு ஏப்பிரலிலேயே நிறுத்திவிட்டார். இவையெல்லாம் பொதுமக்களுக்குத் தெரியவந்தது செப்டெம்பர் மாதத்திலேதான்.