1973: ஒருவர் வெளியே, ஒரு பையன் உள்ளே

காமெரான் க்ரோ எழுதி இயக்கிய 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' (2000) படத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதை இளம் பருவத்தின் இனிய நினைவாகவே பேசிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பதினைந்து வயதுப் பையன், ராக் இசைக் குழுவோடு பஸ் பயணம், முதல் காதல், அம்மாவின் கவலை. இவையெல்லாம் படத்தில் இருக்கின்றன, நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் எனக்கு இந்தப் படம் முக்கியமாகப் படுவது வேறு காரணத்தால். விமர்சகனுக்கும் கலைஞனுக்கும் இடையில் சிநேகம் சாத்தியமா, சாத்தியமானால் அதற்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்வியை இது எழுப்புகிறது. எழுப்பிவிட்டு, தன் பதிலின் மேல் கொஞ்சம் சர்க்கரையைத் தூவி மூடிவிடுகிறது. அந்தச் சர்க்கரையை விலக்கிப் பார்க்க, படத்தின் கதை நிகழும் 1973-ன் சரித்திரம் தெரிய வேண்டும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகக் கதை. ஸான் டியேகோவில் வில்லியம் மில்லர் என்ற பையன். அம்மா ஆசிரியை, ராக் இசை வீட்டுக்குள் வரக்கூடாது என்பவள். அவளோடு ஒத்துப்போக முடியாமல் வீட்டை விட்டுப் போகும் அக்கா, தன் இசைத்தட்டுகளைத் தம்பிக்கு விட்டுச்செல்கிறாள். அவற்றைக் கேட்டு வளர்ந்த பையன் இசை பற்றி எழுத ஆரம்பிக்கிறான். 'க்ரீம்' பத்திரிகையின் ஆசிரியர் லெஸ்டர் பாங்ஸ் அவனுக்கு ஒரு கட்டுரை எழுத வாய்ப்புத் தருகிறார். பிறகு 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை, அவன் வயது தெரியாமல், 'ஸ்டில்வாட்டர்' என்ற குழுவைப் பற்றி எழுதச் சொல்கிறது. குழுவோடு ஊர் ஊராகப் போகிறான். அவர்கள் அவனைச் சிநேகிதனாக ஏற்கிறார்கள். அவன் உண்மையை எழுதியதும் அப்படி எதுவும் நடக்கவில்லை என்று மறுக்கிறார்கள். இதில் ஸ்டில்வாட்டர் மட்டும் கற்பனை. பாங்ஸ் நிஜம், பத்திரிகைகள் நிஜம், பையன், க்ரோவேதான்.

அந்தப் பத்திரிகைகள் எங்கிருந்து வந்தன? 1966 பிப்ரவரியில் ஸ்வார்த்மோர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பால் வில்லியம்ஸ் என்ற பதினேழு வயது மாணவர், 'க்ராடாடி' என்ற பத்திரிகையை ஸைக்ளோஸ்டைல் செய்து 500 பிரதிகள் வெளியிட்டார். விஞ்ஞானக் கதை ரசிகர்கள் தங்களுக்குள் கையால் தயாரித்துச் சுற்றுக்கு விட்ட பத்திரிகைகளின் வழியில் வந்தவர் அவர். அதுவரை அமெரிக்காவில் ராக் இசை பற்றிய எழுத்து என்றால் பெரும்பாலும் இரண்டே வகை: வியாபாரப் பத்திரிகைகளின் விற்பனைக் கணக்கு, அல்லது பள்ளிப் பெண்களுக்கான நட்சத்திர வம்பு. ஒரு பாட்டு ஏன் ஒருவனை உலுக்குகிறது என்று ஆற அமர யோசிக்கும் எழுத்துக்கு இடமே இல்லை. சிறுபத்திரிகை என்ற சொல்லின் முழு அர்த்தத்தில் 'க்ராடாடி' அந்த இடத்தை உண்டாக்கியது.

அடுத்த வருஷம், 1967 நவம்பரில், ஜான் வென்னரும் ரால்ஃப் க்ளீஸனும் 7,500 டாலர் முதலில் ஸான்ஃபிரான்ஸிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையைத் தொடங்கினார்கள். 1969-ல் டெட்ராய்ட்டில் 'க்ரீம்' வந்தது. 'ரோலிங் ஸ்டோன்' ஆரம்பத்திலிருந்தே பம்மாத்து என்று சொல்லிவிட முடியாது. 1969 டிஸம்பரில் ஆல்டமான்ட் மைதானத்தில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இலவசக் கச்சேரியின்போது, காவலுக்கு வந்திருந்த 'ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ்' கூட்டத்தைச் சேர்ந்தவன் மெரிடித் ஹன்டர் என்ற கறுப்பு இளைஞனைக் குத்திக் கொன்றான். அந்தக் கச்சேரியின் அலங்கோலத்துக்கு யார் யார் பொறுப்பு என்று, குழுவையும் விட்டுவைக்காமல், நீண்ட அறிக்கை எழுதியது இந்தப் பத்திரிகைதான். அதை எழுதிய பலரில் பாங்ஸும் ஒருவர். நேசித்த கலைஞர்களையே விசாரணைக்கு நிறுத்தலாம் என்ற துணிவு அப்போது அங்கே இருந்தது. நான்கு வருஷத்தில் அந்தத் துணிவுக்கு என்ன ஆயிற்று என்பதே நாம் பார்க்க வேண்டியது.

பாங்ஸ் 1948-ல் கலிஃபோர்னியாவில் பிறந்தவர். தாய் 'ஜெஹோவாவின் சாட்சிகள்' சமயப் பிரிவின் தீவிர விசுவாசி; தகப்பனார் பையனின் சிறுவயதிலேயே தீ விபத்தில் இறந்துவிட்டார். தாயின் மதத்தை உதறினாலும், எது சத்தியம் எது பொய் என்று இடைவிடாமல் கேட்கும் மதப் பிரசாரகனின் வெறி அவர் எழுத்தில் கடைசிவரை இருந்தது என்றே எனக்குத் தோன்றுகிறது. 'ரோலிங் ஸ்டோனில்' அவருடைய முதல் மதிப்புரை 1969-ல் வந்தது. எம்ஸி5 குழுவின் முதல் தட்டை அதில் அவர் கிழித்துப் போட்டார். பின்னாளில் அதே தட்டு அவருக்குப் பிடித்துப்போனது வேறு கதை. மாற்றிக்கொள்ளக் கூச்சப்படாத அபிப்பிராயங்கள் அவருடையவை. 1973-ல் கேன்டு ஹீட் குழுவின் தட்டு ஒன்றை அவர் கேலி செய்து எழுத, இசைக் கலைஞர்களுக்கு மரியாதைக்குறைவு என்று காரணம் சொல்லி வென்னர் அவரை 'ரோலிங் ஸ்டோனிலிருந்து' நீக்கினார்.

அதே 1973-ல்தான் க்ரோ அந்தப் பத்திரிகைக்குள் வருகிறார். 1957-ல் பிறந்தவர், வகுப்புகளைத் தாண்டித் தாண்டிப் படித்ததால் பதினைந்து வயதிலேயே பள்ளிப் படிப்பை முடித்தவர். 'ஸான் டியேகோ டோர்' என்ற மாற்றுப் பத்திரிகையில் எழுதிக்கொண்டிருந்தார். அதில் முன்பு பாங்ஸும் எழுதியிருந்தார். இருவருக்கும் கடிதத் தொடர்பு அப்படி ஏற்பட்டது. 1973 டிஸம்பரில் ஆல்மன் பிரதர்ஸ் குழுவைப் பற்றிய க்ரோவின் கட்டுரை அட்டைப்படக் கட்டுரையாக வந்தது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. அந்தக் குழு 1971-ல் ட்வேன் ஆல்மனையும் 1972-ல் பெர்ரி ஓக்லியையும் மோட்டார்சைக்கிள் விபத்துகளில் இழந்திருந்தது. பயணத்தின் நடுவில், அண்ணனைப் பறிகொடுத்த க்ரெக் ஆல்மனுக்கு, இந்தப் பையன் போலீஸ் ஆளாக இருப்பானோ என்று சந்தேகம் வந்து, பேட்டி பதிவான நாடாக்களையெல்லாம் பறித்துக்கொண்டார். பிறகு திருப்பிக் கொடுத்தார். க்ரோவின் கட்டுரை கலைஞரின் மனம் இளகியதால் பிழைத்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; படத்தில் இதே ரூபம் மறுபடி வருகிறது.

க்ரோ உள்ளே வந்ததன் தர்க்கமும் கவனிக்கத்தக்கது. லெட் ஸெப்பலின் குழுவின் முதல் தட்டை 'ரோலிங் ஸ்டோன்' 1969-ல் ஏளனமாக மதிப்பிட்டிருந்தது. குழுவினர் அதை மறக்கவில்லை. 1975-ல் அவர்களைப் பேசவைத்து அட்டைப்படக் கட்டுரை எழுதியவர் க்ரோ. விமர்சனம் மூடிய கதவுகளை ரசிகன் திறந்தான். பத்திரிகைக்கு அது தேவைப்பட்டது. பாங்ஸை நீக்கியதும் க்ரோவை ஏற்றதும் ஒரே சதித்திட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சிறுபத்திரிகை ஸ்தாபனமாகும்போது அதற்கு வேண்டிய மனிதர்கள் மாறுகிறார்கள். 1973 அந்த மாற்றத்தின் வருஷம்.

ரசிகனின் பாதை இழிவானது என்றும் நான் கருதவில்லை. ஜோனி மிட்செல் விஷயத்தைப் பாருங்கள். 1970-களின் தொடக்கத்தில் 'ரோலிங் ஸ்டோன்' அவருடைய காதல் உறவுகளைக் கேலிப் பட்டமாகவும் வரைபடமாகவும் அச்சிட்டு அவமதித்தது. அவர் அதனோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். 1979-ல் அந்த மௌனத்தைக் கலைத்து நீண்ட பேட்டி எடுத்தவர் க்ரோ. அவமதிப்பால் கிடைக்காதது மரியாதையால் கிடைத்தது. ஆனால் இங்கு ஒரு முரண் இருக்கிறது. கேன்டு ஹீட்டின் தட்டை மட்டம் தட்டினால் மரியாதைக்குறைவு. ஒரு பெண் கலைஞரின் படுக்கையறையை எட்டிப்பார்த்தால் வேடிக்கை. அந்த ஸ்தாபனத்தின் 'மரியாதை' என்ற சொல்லுக்கு அர்த்தம் இவ்வளவுதான்.

இனி படத்துக்கு வருவோம். க்ரோ செய்திருக்கும் விசித்திரமான காரியம், தன் கதையின் மனசாட்சியை பாங்ஸிடம் ஒப்படைத்திருப்பது. பிலிப் ஸீமோர் ஹாஃப்மன் மிகக் குறைந்த நேரமே திரையில் வருகிறார். படத்தின் கனம் அவரிடம்தான் இருக்கிறது. கலைஞர்களோடு சிநேகம் கொள்ளாதே, அவர்கள் உன்னைப் பெரிய மனிதனாக உணரவைப்பார்கள், நேர்மையாகவும் தயவு பார்க்காமலும் எழுது என்று அவர் பையனுக்குச் சொல்கிறார். ஆனால் இதைச் சொல்கிறவர் அதே வருஷம், அதே பத்திரிகையிலிருந்து, இதே நேர்மைக்காக வெளியேற்றப்பட்டவர் என்பதைப் படம் சொல்வதில்லை. வெளியேற்றிய வென்னரோ ஒரு டாக்ஸிப் பிரயாணியாக ஒரு கணம் திரையில் வந்து போகிறார்.

படத்துக்குள்ளேயே ஒரு கணக்கு இருக்கிறது. 'பிளாக் ஸப்பாத்' குழுவைப் பற்றி ஆயிரம் வார்த்தை எழுத பாங்ஸ் தருவது 35 டாலர். ஸ்டில்வாட்டர் பற்றி மூவாயிரம் வார்த்தைக்கு 'ரோலிங் ஸ்டோன்' தர முன்வருவது 1,000 டாலர். வார்த்தைக்கு வார்த்தை ஏறத்தாழப் பத்து மடங்கு. பையன் எந்தப் பக்கம் போவான் என்பதில் நமக்குச் சந்தேகம் எழ இடமில்லை, படத்துக்கும் எழவில்லை.

முக்கியமான இடம் முடிவு. வில்லியம் எழுதியதைக் குழுவினர் மறுக்க, பத்திரிகை கட்டுரையைக் கைவிடுகிறது. பிறகு கிதார் கலைஞன் ரஸ்ஸல் மனம் மாறி, அத்தனையும் உண்மை என்று தொலைபேசியில் சொன்ன பிறகே அது அட்டைக்குப் போகிறது. விமர்சகனின் சத்தியத்துக்குக் கலைஞன் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது. அவன் இசையாவிட்டால்? அந்தக் கேள்விக்குப் படத்தில் பதில் இல்லை. சரித்திரத்தில் இருந்தது: அதன் பெயர் லெஸ்டர் பாங்ஸ்.

இன்னொன்று. குழுவோடு பயணம் செய்யும் பென்னி லேன் என்ற பெண்ணைச் சீட்டாட்டத்தில் ஐம்பது டாலருக்கும் ஒரு பெட்டி பீருக்கும் அவர்கள் இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிடுகிறார்கள். படத்தின் ஆகக் கொடூரமான உண்மை இது. க்ரோ இதைக் காட்டுகிறார். அந்த நேர்மைக்கு அவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் வில்லியம் இதை எழுதினானா? அவன் கட்டுரையிலிருந்து ஒரு சிறு துண்டுக்கு மேல் நாம் கேட்பதில்லை. ஒரு எழுத்தாளனின் கதை என்று சொல்லிக்கொள்ளும் படத்தில் எழுத்து மட்டும் மறைவாகவே இருக்கிறது. 1968-லேயே எல்லன் வில்லிஸ் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் ராக் விமர்சனம் எழுத ஆரம்பித்துவிட்டார். 1969-ல் லில்லியன் ராக்ஸன் ராக் கலைக்களஞ்சியமே எழுதினார். படத்தின் உலகில் அப்படி எழுதும் பெண் யாரும் இல்லை. அங்கே பெண்கள் இசையைக் கேட்கிறார்கள், கலைஞர்களை நேசிக்கிறார்கள், தகவல் சரிபார்க்கிறார்கள்.

பாங்ஸின் அறிவுரையைத் தூரத்தில் நின்று எழுது என்று புரிந்துகொண்டால் அது அவருடைய வாழ்க்கைக்கே பொருந்தாது. 1977-ல் இங்கிலாந்தில் 'த க்ளாஷ்' குழுவோடு பயணம் செய்து 'நியூ மியூஸிக்கல் எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்கு மூன்று பகுதிகளாக எழுதினார். குழுவினர் மேல் அவருக்கு ஏற்பட்ட பிரியம் அந்த எழுத்தில் ஒளிந்திருக்கவில்லை. குழுவின் ஆட்கள் ரசிகன் ஒருவனை இம்சித்ததும் அதிலேயே இருக்கிறது. 1979-ல் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில், தான் புழங்கிய பங்க் வட்டத்தின் நிறவெறியைப் பற்றி எழுதியபோது குற்றவாளிகளின் பட்டியலில் தன்னையும் சேர்த்துக்கொண்டார். சிநேகம் அவருக்கும் இருந்தது. எழுதும் நேரத்தில் அதற்குச் சலுகை கிடையாது, தனக்கும் கிடையாது. இதைப் பின்பற்றுவது, சிநேகத்தையே துறப்பதைவிடக் கடினம்.

பாங்ஸ் 1982 ஏப்ரல் 30-ல் நியூயார்க்கில், மருந்துகளின் விபரீதச் சேர்க்கையால், 33-வது வயதில் இறந்தார். அவர் எழுத்துகள் க்ரீல் மார்கஸ் தொகுத்த பின் 1987-ல்தான் கனமான புத்தகமாக வந்தன. க்ரோ ஹாலிவுட்டுக்குப் போனார். 'ஆல்மோஸ்ட் ஃபேமஸ்' சுமார் 6 கோடி டாலர் செலவில் எடுக்கப்பட்டு 5 கோடியைக்கூட எட்டவில்லை. ஆனால் திரைக்கதைக்காக ஆஸ்கர் பெற்றது. படத்தில் பாங்ஸ் தன்னையும் பையனையும் சேர்த்து, நாகரிகக் கூட்டத்தில் சேராதவர்கள் என்று குறிப்பிடும் சொல்லையே 2025-ல் வெளிவந்த தன் நினைவுக் குறிப்புகளுக்கு க்ரோ தலைப்பாக்கினார்: 'தி அன்கூல்'.

ஐம்பது வருஷம் கழித்தும் அந்தச் சொல்லைச் சுமந்து திரிகிறவரை நான் பாசாங்குக்காரர் என்று சொல்லத் தயாராக இல்லை. தான் நடந்த பாதையைக் காட்டிலும் தனக்குச் சொல்லப்பட்ட பாதையே உயர்ந்தது என்று அறிந்த ஒருவரின் படம் இது. அந்த அறிவால்தான் இது வெறும் இனிப்பாகக் கரைந்துபோகாமல் நிற்கிறது. சொன்னவருக்கு என்ன நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால், பார்த்துவிட்டு வெளியே வருகிறவன் இவ்வளவு சந்தோஷமாக வந்திருக்க மாட்டான். விமர்சனம் என்பதற்கு என்ன விலை என்றாவது அவனுக்குத் தெரிந்திருக்கும்.