சு. சத்தியமூர்த்தி: சென்னை மேயரும் பூண்டி நீர்த்தேக்கமும்

சு. சத்தியமூர்த்தி (19 ஆகஸ்ட் 1887 – 28 மார்ச் 1943) இந்திய விடுதலைப் போராட்ட வீரரும், சிறந்த நாடாளுமன்றவாதியும், 1939-40 ஆம் ஆண்டில் சென்னை மாநகராட்சியின் மேயராக இருந்தவரும் ஆவார். 'தீரர்' என்னும் அடைமொழியுடன் அழைக்கப்படுபவர். காமராசரின் அரசியல் குரு என்றே இவரைப் பெரும்பாலோர் அறிவர். சென்னையின் குடிநீருக்காக இவர் செய்த பணி பாடநூல்களில் ஓரிரு வரிகளுக்கு மேல் இடம்பெறுவதில்லை.

இளமையும் அரசியலும்

புதுக்கோட்டை சமஸ்தானத்தைச் சேர்ந்த திருமயத்தில் பிறந்தார். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியிலும், சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும், பின்னர் சட்டக் கல்லூரியிலும் பயின்று வழக்கறிஞரானார். 1919-இல் இந்தியச் சீர்திருத்தம் பற்றி எடுத்துரைக்க இங்கிலாந்து சென்ற காங்கிரசுக் குழுவில் இடம்பெற்றார். சுயராஜ்யக் கட்சியின் சார்பில் சென்னைச் சட்ட மேலவையிலும், 1934 தேர்தலுக்குப் பின் தில்லி மத்திய சட்டசபையிலும் பணியாற்றினார். ஆங்கிலேய அதிகாரிகளை அவர்களின் மொழியிலேயே கேள்வி கேட்டுத் திணற வைப்பதில் வல்லவர். நாடகத்திலும் கருநாடக இசையிலும் ஈடுபாடு மிக்கவர். சுகுண விலாச சபையின் மேடையில் தாமே நடித்தவர்.

இவரைப் பற்றி எழுதுவோர் பலர் தவிர்த்துவிடும் ஒரு செய்தியும் உண்டு. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்க முயன்றபோது அதைக் கடுமையாக எதிர்த்தவர்களுள் சத்தியமூர்த்தியும் ஒருவர். நாட்டின் விடுதலைக்காகச் சிறை சென்ற ஒருவர், பெண்களின் விடுதலையில் பழமையின் பக்கம் நின்றது பெரும் குறையே.

1937-இல் காங்கிரசு சென்னை மாகாணத்தில் வெற்றி பெற்று இராஜாஜி தலைமையில் ஆட்சி அமைத்தது. தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவராக இருந்து அவ்வெற்றிக்கு உழைத்த சத்தியமூர்த்திக்கு அமைச்சரவையில் இடம் கிடைக்கவில்லை. மாகாணத்தை ஆளும் வாய்ப்பு போயிற்று. இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு நகரம் அவர் பொறுப்பில் வந்தது.

அக்காலத்து மேயர் பதவி

சென்னை மாநகராட்சி 1688-இல் தோன்றியது. ஆனால் இருபதாம் நூற்றாண்டில் மேயர் என்ற பதவிப் பெயர் மீண்டும் வழக்கிற்கு வந்தது 1933-இல்தான். ராஜா சர் முத்தையா செட்டியார் அவ்வகையில் முதல் மேயரானார். மேயரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கவில்லை. மாமன்ற உறுப்பினர்களே ஆண்டுதோறும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். நிருவாக அதிகாரம் ஆணையரிடம் இருந்தது. மேயருக்கு அங்கி, சங்கிலி, தலைமை நாற்காலி எல்லாம் உண்டு. கையெழுத்திட்டுப் பணத்தைச் செலவிடும் உரிமை மட்டும் இல்லை என்று சொல்லலாம்.

அதே காலத்தில் நியூயார்க் நகர மேயராக இருந்தவர் பியொரெல்லோ லகார்டியா. அவர் 1934 முதல் 1945 வரை, தொடர்ந்து மூன்று முறை, மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நகரத்தின் வரவு செலவும், துறைத் தலைவர்களை அமர்த்தும் அதிகாரமும் அவர் கையில் இருந்தன. அவருக்குக் கிடைத்தது பன்னிரண்டு ஆண்டுகள். சத்தியமூர்த்திக்குக் கிடைத்ததோ ஓராண்டு. இன்று நியூயார்க்கின் ஒரு விமான நிலையம் லகார்டியாவின் பெயரால் வழங்குகிறது. சத்தியமூர்த்தியின் பெயரைத் தாங்கி நிற்பது ஓர் ஏரி.

தண்ணீர்

சென்னைக்கு வற்றாத ஆறு கிடையாது. நகரின் குடிநீர், வடமேற்கில் உள்ள சோழவரம், புழல் (செங்குன்றம்) ஏரிகளை நம்பியிருந்தது. கொசஸ்தலை ஆற்றின் நீரைத் தாமரைப்பாக்கம் அணைக்கட்டில் மறித்து இவ்வேரிகளுக்குத் திருப்பினர். 1931-இல் ஏறத்தாழ 6.47 லட்சமாக இருந்த நகர மக்கள்தொகை 1941-இல் 7.77 லட்சமாக உயர்ந்தது. ஏரிகளோ பெரிதாகவில்லை. மழை பொய்த்த ஆண்டில் குழாயடியில் குடங்கள் வரிசை கட்டின.

கொசஸ்தலை ஆறு நம் நொய்யலைப் போன்றது. மழைக்காலத்தில் சில நாள் பெருகி ஓடும், பிறகு மணல்தான். அந்தச் சில நாள் வெள்ளத்தைப் பிடித்து வைக்காவிட்டால் எண்ணூர் அருகே கடலில் கலந்து வீணாகும். நொய்யல் கரையில் சாமளாபுரம் குளம் போன்ற குளங்களை வெட்டிய முன்னோர் கண்ட வழியும் இதுவே: ஆறு ஓடும்போது பிடி, ஓடாதபோது குடி. திருவள்ளூருக்கு மேற்கே, நகரிலிருந்து சுமார் 60 கி.மீ. தொலைவில், பூண்டி என்னும் இடத்தில் ஆற்றின் குறுக்கே நீர்த்தேக்கம் கட்டுவதே திட்டம்.

காலம் சாதகமாக இல்லை. 1939 செப்டம்பரில் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. அக்டோபரில் காங்கிரசு அமைச்சரவை பதவி விலகியது. மாகாணம் கவர்னரின் நேரடி ஆட்சிக்கு வந்தது. போர்ச் செலவே முதன்மை என்றிருந்த அரசிடம் குடிநீருக்குப் பணம் கேட்க வேண்டும். கேட்பவரோ அந்த அரசை எதிர்ப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டவர். கவர்னர் மாளிகைப் படி ஏறுவது ஒரு காங்கிரசுக்காரருக்குக் கௌரவக் குறைவாகக் கருதப்பட்ட நேரம் அது. சத்தியமூர்த்தி தம் கௌரவத்தைப் பார்க்கவில்லை. பேசியும் வாதாடியும் ஒப்புதல் பெற்றார். 1940 ஆகஸ்டில் கவர்னர் சர் ஆர்தர் ஹோப் பூண்டியில் அடிக்கல் நாட்டினார். ஓராண்டுப் பதவியில், தமக்கென நிருவாக அதிகாரம் இல்லாத ஒருவர் இதைச் செய்து முடித்தது எளிய செயல் அன்று.

இறுதி நாள்கள்

மேயர் பதவி முடிந்ததும் மீண்டும் போராட்டமும் சிறையும் தொடர்ந்தன. சிறையிலிருந்து தம் ஒரே மகள் லட்சுமிக்கு இவர் எழுதிய கடிதங்கள் பின்னர் நூலாயின. (அந்த மகளே பிற்காலத்தில் 'வாசகர் வட்டம்' என்னும் பதிப்பகத்தை நடத்திய லட்சுமி கிருஷ்ணமூர்த்தி.) 1942-இல் வெள்ளையனே வெளியேறு தீர்மானம் நிறைவேறிய பம்பாய் மாநாட்டுக்குப் பின் கைது செய்யப்பட்டு, மத்திய மாகாணத்தின் அமராவதி சிறைக்குக் கொண்டு செல்லப்பட்டார். உடுமலைப்பேட்டை அருகே உள்ள நம் அமராவதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. அந்தப் பயணத்தில் இவரது முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டது. உடல்நிலை தேறவே இல்லை. 1943 மார்ச் 28 அன்று சென்னைப் பொது மருத்துவமனையில் காலமானார். அப்போது வயது 55.

பூண்டி நீர்த்தேக்கம் 1944 சூனில் திறக்கப்பட்டது. தொடக்கத்தில் 2,573 மில்லியன் கன அடியாக இருந்த அதன் கொள்ளளவு, கிருஷ்ணா நீர்த் திட்டத்தையொட்டி 3,231 மில்லியன் கன அடியாக உயர்த்தப்பட்டது. ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர் 1996 முதல் இங்குதான் வந்து சேர்கிறது. 'சத்தியமூர்த்தி சாகர்' என்பது இந்நீர்த்தேக்கத்தின் பெயர்.