விசாரிப்பு வீடு தேடி வந்த வரலாறு

முதியோர் இல்லம் ஒன்றிற்கு அடிக்கல் நாட்டும்போது நாம் மகிழ்கிறோம். கட்டடம் எழுந்துவிட்டால் கடமை முடிந்ததென்ற எண்ணமும் நம்மில் எழக்கூடும். எருசலேமில் கிரேக்கம் பேசிய விதவைகள் அன்றாட விசாரிப்பில் புறக்கணிக்கப்பட்டபோது, ஆதித் திருச்சபை கட்டடம் எழுப்பவில்லை, எழுவரைத் தெரிந்தெடுத்தது. இதனை அப்போஸ்தலர் நடபடிகள் 6ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். எளியோர் உதவியைத் தேடிச் செல்வதா, உதவி அவர்களைத் தேடி வருவதா? இவ்வினாவுக்கு இங்கிலாந்தின் நானூறு ஆண்டு வரலாறு தரும் விடையை ஆராய்வோம்.

1601ஆம் ஆண்டின் ஏழையர் சட்டம் முதியோரையும் உடல் ஊனமுற்றோரையும் தாங்கும் பொறுப்பை அந்தந்தத் திருச்சபை வட்டாரத்தின்மீது சுமத்தியது. வரி திரட்டப்பட்டது. பணமும் துணியும் விறகும் பெரும்பாலும் அவர்தம் வீடுகளுக்கே சென்றன. நோயுற்ற முதியவளைக் கவனிக்க அண்டை வீட்டுப் பெண்ணுக்குக் கூலி கொடுத்ததும் உண்டு.

செலவு பெருகவே, 1834இல் சட்டம் திருத்தப்பட்டது. ஒர்க்ஹவுஸ் எனப்பட்ட ஏழையர் விடுதிகள் நாடெங்கும் எழுந்தன. உதவியை நாடுவோர் நாணும்படியாகவே அவற்றின் வாழ்க்கை கடினமாக்கப்பட்டது. உடல் வலிமையுள்ளோரை மனத்திற்கொண்டே இவ்விதி வகுக்கப்பட்டது. ஆயினும் தள்ளாதவர்களும் அதற்குள் அகப்பட்டனர். கணவனும் மனைவியும் வேறு வேறு பகுதிகளில் அடைக்கப்பட்டனர். அறுபது வயதைக் கடந்த தம்பதியரைக் கட்டாயமாகப் பிரிக்கலாகாது என்பதற்கு 1847இல் தனிச் சட்டமே தேவைப்பட்டது! வீட்டிலிருந்தபடி உதவி பெற்ற முதியோர் பலர் இருந்தனரெனினும், 1870களில் அவ்வுதவியும் கடுமையாகக் குறைக்கப்பட்டது.

இதற்கிடையே வேறொரு பாதை திறந்தது. லிவர்ப்பூல் வணிகர் வில்லியம் ராத்போன், 1859இல் தம் மனைவி இறந்தபின், அவரைக் கவனித்த செவிலி மேரி ராபின்சனை ஏழையரின் வீடுகளுக்கு அனுப்பினார். முதல் மாதத்திலேயே அவர் கண்ட துயரம் தாங்கவொண்ணாததாயிற்று, விட்டுவிட எண்ணினார். எனினும் தொடர்ந்தார். அந்நகரம் 18 வட்டாரங்களாக வகுக்கப்பட்டு, செவிலியர் வீடுவீடாகச் சென்றனர். 1887இல் விக்டோரியா அரசியின் பொன்விழா நிதி இப்பணியை நாடு முழுவதற்கும் விரிக்கத் துணைசெய்தது. 1908ஆம் ஆண்டின் சட்டம் எழுபது வயதான வறியோருக்கு வாரம் ஐந்து ஷில்லிங் வரை ஓய்வூதியம் வழங்கியது. அது அவர்களைத் தம் கூரையின்கீழ் வாழவைத்தது.

ஏழையர் சட்டம் 1948இல் முற்றாக நீக்கப்பட்டது. ஆனால் கட்டடங்கள் எஞ்சின. பீட்டர் டவுன்சென்ட் 170க்கும் மேற்பட்ட இல்லங்களை நேரில் கண்டு, 1962இல் நூலொன்றை வெளியிட்டார். பழைய விடுதிச் சுவர்களுக்குள் முதியோர் இன்னும் வாழ்ந்ததையும், தக்க துணை கிடைத்தால் பலர் தம் வீட்டிலேயே வாழக்கூடும் என்பதையும் அவர் எடுத்துரைத்தார். ஊனமுற்றோருக்கான இல்லத்தில் வாழ்ந்து அறிந்த பால் ஹன்ட், 1972இல் கார்டியன் நாளேட்டுக்குக் கடிதம் எழுதி, ஊனமுற்றோரே ஒன்றுகூட அழைத்தார். 1990இல் சமூகப் பராமரிப்புச் சட்டம் வந்தது. தமக்கு வேண்டிய உதவியாளரைத் தாமே அமர்த்திக்கொள்ளும்படி, ஊனமுற்றோர் கையில் பணத்தையே கொடுக்க 1996ஆம் ஆண்டின் சட்டம் வழிசெய்தது.

இவ்வரலாற்றில் மறைந்து நிற்கும் ஒருவரை நாம் மறக்கலாகாது. வீட்டில் விசாரிப்பு என்றால், அது எவருடைய தோளின்மேல் நிற்கிறது? முழுநேரமும் நோயாளரைக் கவனிப்போருக்கென 1976இல் ஓர் உதவித்தொகை ஏற்பட்டது. மணமான பெண்களுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது. அவர்கள் எப்படியும் வீட்டில்தானே இருப்பர் என்பது காரணம்! தம் தாயைக் கவனித்த ஜாக்குலின் டிரேக் வழக்குத் தொடுத்தார். 1986இல் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது.

இல்லங்கள் வேண்டா என்று நாம் சொல்லவில்லை. எவருமற்றோருக்கு அவை புகலிடமே. ஆனால் விடுதிக்கு அனுப்பி மறப்பது எவ்வாறு தவறோ, வீட்டில் விட்டு மறப்பதும் அவ்வாறே தவறாகும். படுக்கையிலிருக்கும் சபையாருக்குத் திருவிருந்து கொண்டு செல்லும் ஆயர்களாகிய நாம், கட்டிலருகே நிற்கும் மகளையோ மருமகளையோ ஏறெடுத்துப் பார்த்திருக்கிறோமா? வாரத்தில் ஒரு நாள் அவருக்குப் பதிலாக அங்கு அமர, நம் சபை எவரைத் தெரிந்தெடுத்திருக்கிறது?