ஒழுகும் கூரையும் பெரியாறு அணையும்

மதுரையில் நான் குடியிருக்கும் அடுக்குமாடி வீட்டின் கூரையில் ஒரு நாள் ஈரம் கண்டது. மேல்வீட்டுக் குளியலறைக்கு நேர் கீழே வெள்ளைப் பொருக்குப் படிந்திருந்தது. கொத்தனார் கீழிருந்தபடியே சிமென்ட் பூசி அடைத்தார். ஒரு மாதம் சென்றது. ஈரம் நான்கடி தள்ளி, மின்விசிறிக் கொக்கியின் அருகே இறங்கியது! தண்ணீர் நின்றுவிடவில்லை, வேறு வழி தேடிக்கொண்டது.

இதே சிக்கலை மிகப் பெரிய அளவில் சந்தித்த கட்டடம் ஒன்று உண்டு. மதுரைச் சமவெளியின் வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணையே அது.

மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, நீரை வைகைப் பக்கம் திருப்பும் இத்திட்டத்தைக் கர்னல் பென்னிகுவிக் நிறைவேற்றினார். 1887-இல் தொடங்கிய வேலை 1895-இல் முடிந்தது. அணையின் உட்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கி எனப்படும் செங்கல் பொடியும் சேர்ந்த காரையால் ஆனது.

சுண்ணாம்பு நீரில் சிறிதளவு கரையும். காரையின் நுண்துளைகளில் நுழையும் நீர் அதைக் கரைத்துக்கொண்டு வெளியேறும். காற்றிலுள்ள கரியமில வாயுவுடன் சேர்ந்ததும் அது கால்சியம் கார்பனேட்டாக மாறி வெண்மையாகப் படியும். என் வீட்டுக் கூரையில் படிந்த பொருக்கும் இதுவே. சுண்ணாம்பு வெளியேற வெளியேறத் துளைகள் பெரிதாகும், கசிவும் மிகும். ஆகவே 1930-களிலும் 1960-இலும் அணையில் துளையிட்டுச் சிமென்ட் கூழைச் செலுத்தினார்கள்.

ஆனால் கசிந்து வீணாகும் நீரை விட, உள்ளே தங்கும் நீரே கவலைக்குரியது. ஏன்? 10 மீட்டர் ஆழத்திற்கு ஒரு சதுர சென்டிமீட்டரில் சுமார் 1 கிலோகிராம் எடை என்ற அளவில் நீரின் அழுத்தம் கூடுகிறது. 142 அடி, அதாவது ஏறக்குறைய 43 மீட்டர் ஆழத்தில் அது 4 கிலோகிராமுக்கும் மேல். இந்த அழுத்தம் பக்கவாட்டில் மட்டும் தள்ளுவதில்லை. விரிசலிலும் அடித்தளத்திலும் புகுந்த நீர் அணையை மேல்நோக்கியும் தூக்கும். தன் எடையையே நம்பி நிற்கும் அணைக்கு இது எடை குறைவதற்குச் சமம்.

பெரியாறு அணை திட்டமிடப்பட்ட காலத்தில் பொறியாளர்கள் இதைக் கணக்கில் கொள்ளவில்லை. அணை திறக்கப்பட்ட அதே 1895-ஆம் ஆண்டு ஏப்ரல் 27 அன்று பிரான்சில் பூசே அணை உடைந்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தத் துயரத்திற்குப் பின்னரே மேல்நோக்கு அழுத்தத்தின் வலிமையை உலகம் உணரத் தொடங்கியது.

1979-இல் குஜராத்தின் மோர்வியில் மச்சு அணை உடைந்தது. அதே ஆண்டு, பெரியாறு அணையைப் பற்றி கேரளத்தில் எழுந்த அச்சத்தைத் தொடர்ந்து, அதன் நீர்மட்டம் 152 அடியிலிருந்து 136 அடியாகக் குறைக்கப்பட்டது. பின்னர் அணையைப் பலப்படுத்தும் பணிகள் நடந்தன. உச்சியில் கான்கிரீட் பாரம் ஏற்றப்பட்டது. எஃகு வடங்களால் அணை அடிப்பாறையோடு இறுக்கிக் கட்டப்பட்டது. பின்புறம் கான்கிரீட் தாங்கு சுவர் எழுந்தது. முக்கியமாக, கசியும் நீரை அடைத்து வைக்காமல் வெளியேற்ற வடிகால் சுரங்கவழி அமைத்தனர். அங்கு வரும் நீர் நிமிடத்திற்கு இத்தனை லிட்டர் என அளக்கப்படுகிறது. அளவு திடீரென மாறினால் அதுவே எச்சரிக்கை. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2014 மே 7 அன்று தீர்ப்பளித்தது. இரு மாநிலங்களுக்கிடையே விவாதம் மட்டும் ஓயவில்லை.

என் வீட்டுக்கு வருவோம். முதலில் மின்விசிறிக்குச் செல்லும் மின்சாரத்தை நிறுத்தினேன். பிறகு மேல்வீட்டுக்காரரின் இசைவோடு குளியலறைத் தரையைப் பிரித்துப் பார்த்தோம். கழிவுநீர்க் குழாயின் இணைப்பு விட்டிருந்தது. அதைச் சரிசெய்து, தரைச் சரிவை வடிகால் வாயை நோக்கித் திருத்தினோம். கூரை காயச் சில வாரங்கள் ஆயின. பூச்சு வேலையைக் கடைசியில்தான் செய்தோம்.

அணையானாலும் வீடானாலும் விதி ஒன்றே. நீர் வெளிவரும் இடத்தை அடைப்பது மருந்தாகாது. அது புகும் இடத்தை அடையுங்கள். புகுந்துவிட்ட நீருக்கு வழி விடுங்கள்.