நீராவியா, டீசலா? புகையை நினைக்கிறோம், கரி அள்ளியவரை மறக்கிறோம்

இரயில் எப்படி ஓடும் என்று ஒரு சின்னக் குழந்தையிடம் கேட்டுப் பாருங்கள். இரண்டு கைகளையும் சக்கரம்போல் சுழற்றி, "கூ... சிக்கு புக்கு, சிக்கு புக்கு" என்று வீட்டைச் சுற்றி ஓடிக் காட்டும். அந்தக் குழந்தை நீராவி இரயிலைப் பார்த்ததில்லை. அதன் தாயும் தந்தையும்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். மலேசியத் தண்டவாளங்களில் 1970-களிலேயே நீராவி என்ஜின்கள் வழக்கமான சேவையிலிருந்து விடைபெற்றுவிட்டன. அதன் பிறகு டீசல் வந்தது, மின்சார இரயிலும் வந்தது. ஆனாலும் இரயில் என்றதும் மனக்கண்ணில் தோன்றுவது புகைபோக்கி வைத்த அந்தக் கறுப்பு என்ஜின்தான். பல நாடுகளின் சாலை அடையாளப் பலகைகளிலும் இன்றுவரை அதே படம்தான் இருக்கிறது.

இரயில் பிரியர்களிடையே நெடுங்காலமாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. உயர்ந்தது நீராவியா, டீசலா என்பதே அந்த வழக்கு. கணினியில் இரயில் ஓட்டும் சிமுலேட்டர் மென்பொருட்கள் வந்த பிறகு அது இன்னும் சூடு பிடித்திருக்கிறது. இரு தரப்பையும் கேட்டுவிட்டு, இரு தரப்புமே பேசாமல் விடும் ஒரு செய்திக்கு வருவோம்.

தண்டவாளம் வந்த கதை

தீபகற்பத்தின் முதல் இரயில் 1885-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதி தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்திற்கு ஓடியது. பாதையின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ஈயத்தைத் துறைமுகத்திற்குக் கொண்டு செல்வதே நோக்கம். அந்தப் பாதையை அமைக்க இலங்கையிலிருந்து பயனியர் படையினர் வரவழைக்கப்பட்டனர். அடுத்த ஆண்டே கோலாலம்பூருக்கும் கிள்ளான் பகுதிக்கும் இடையே இரயில் ஓடத் தொடங்கியது. 1923-இல் ஜொகூர் பாலம் திறக்கப்பட்டு, இரயில் சிங்கப்பூர் வரை தங்குதடையின்றிச் சென்றது.

இந்த வரலாற்றின் ஒவ்வொரு மைலிலும் தமிழர் கை இருக்கிறது. தமிழகத்திலிருந்து வந்தவர்கள் காடு வெட்டினார்கள், சரளைக் கல் கொட்டினார்கள், தண்டவாளத்தைப் பராமரித்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் இருந்தார்கள். செந்தூலும் பிரிக்பீல்ட்ஸும் இரயில்வே குடியிருப்புகளால் வளர்ந்த ஊர்கள். செந்தூல் பட்டறையின் சங்கொலி கேட்டு எழுந்த குடும்பங்கள் எத்தனையோ!

1938 முதல் கிளாஸ்கோ நகரின் நார்த் பிரிட்டிஷ் நிறுவனம் கட்டிய 'ஓ' வகை என்ஜின்கள் மலாயாவுக்கு வந்தன. இவையே பின்னாளில் 56 வகை என்று பெயர் பெற்றன. மூன்று சிலிண்டர்கள் கொண்ட இந்த என்ஜின்களுக்கு ஊர்ப் பெயர்கள் சூட்டப்பட்டன. 'தெமெர்லோ' அவற்றில் ஒன்று. 1957-இல், நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டில், இங்கிலீஷ் எலக்ட்ரிக் நிறுவனத்தின் 20 வகை டீசல் என்ஜின்கள் வந்து சேர்ந்தன. இவற்றுக்குப் பூக்களின் பெயர்கள். முதல் என்ஜினின் பெயர் 'பூங்கா ராயா', அதாவது நாட்டின் தேசிய மலரான செம்பருத்தி.

டீசல் தரப்பின் வாதம்

டீசல் வென்றதற்குக் காரணம் கணக்கு. நீராவி என்ஜினில் எரிக்கும் கரியின் சக்தியில் நூற்றுக்குப் பத்துப் பங்குகூட வண்டியை இழுக்கப் பயன்படுவதில்லை. மீதி வெப்பமாகவும் புகையாகவும் வீணாகிறது. டீசல் என்ஜினிலோ ஏறத்தாழ முப்பது பங்கு பயன்படுகிறது. நீராவி என்ஜின் புறப்படுவதற்குப் பல மணி நேரம் முன்பே அடுப்பு மூட்ட வேண்டும். வழியில் அடிக்கடி நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும். வேலை முடிந்ததும் சாம்பலை வாரிக் கொட்ட வேண்டும். ஓட்டுநர் ஒருவர், தீயைக் கவனிக்கும் பயர்மேன் ஒருவர் என்று எப்போதும் இரண்டு பேர் வேண்டும். டீசலுக்கு இவை எதுவும் வேண்டாம். இரண்டு மூன்று என்ஜின்களை ஒன்றாகப் பிணைத்து ஒரே ஓட்டுநர் ஓட்டவும் முடியும்.

இந்தக் கணக்கில் ஓர் ஊரே கரைந்து போனது. சிலாங்கூரின் பத்து ஆராங் நிலக்கரிச் சுரங்கம் 1915-இல் தொடங்கப்பட்டது. அதன் பெரிய வாடிக்கையாளர் இரயில்வே. சீனரும் தமிழரும் அங்கே உழைத்தார்கள். 1937-இல் நடந்த வேலைநிறுத்தம் காலனி ஆட்சியையே உலுக்கியது. போருக்குப் பின் இரயில்வே தன் நீராவி என்ஜின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றியது, பிறகு டீசலுக்கே போய்விட்டது. கரி வாங்க ஆளில்லாமல் 1960-இல் சுரங்கம் மூடப்பட்டது. என்ஜின் மாறும்போது அதை நம்பியிருந்தவர்களின் வாழ்க்கையும் தடம் மாறுகிறது.

நீராவி தரப்பின் வாதம்

நீராவிப் பிரியர்கள் கணக்குப் பார்ப்பதில்லை. அவர்களுக்கு அது உயிருள்ள பிராணி. மூச்சு விடுகிறது, வியர்க்கிறது, மேடேறும்போது திணறுகிறது. இந்த ஏக்கம் பெரிய இயக்கமாக வளர்ந்தது பிரிட்டனில்தான். வேல்ஸ் நாட்டின் தாலிலின் இரயில் பாதையை 1951-இல் தொண்டர்களே எடுத்து நடத்தத் தொடங்கினர். 1968 ஆகஸ்டு 11-ஆம் தேதி பிரிட்டிஷ் இரயில்வேயின் பிரதான பாதைகளில் கடைசி நீராவிப் பயணம் நடந்தபோது வழிநெடுகிலும் மக்கள் கூடி வழியனுப்பினர். அத்துடன் ஏக்கம் தீரவில்லை. 2008-இல் 'டொர்னேடோ' என்ற புத்தம் புதிய நீராவி என்ஜினையே மக்கள் நன்கொடையால் கட்டி ஓடவிட்டார்கள். சபாவிலும் 2000-ஆம் ஆண்டில் விறகு எரித்து ஓடும் நீராவி இரயில் சுற்றுலாவுக்காக மீண்டும் ஓட்டப்பட்டது.

என்ஜின் வாங்க முடியாதவர்களுக்குக் கணினி கை கொடுத்தது. 1985-இலேயே லண்டனிலிருந்து பிரைட்டன் வரை நீராவி இரயில் ஓட்டும் 'சதர்ன் பெல்' என்ற விளையாட்டு வந்துவிட்டது. 2001-இல் மைக்ரோசாப்ட் வெளியிட்ட டிரெயின் சிமுலேட்டரில் ஆறு பாதைகள் இருந்தன. அவற்றில் இரண்டில் நீராவி என்ஜின் ஓட்டலாம். உலகப் புகழ் பெற்ற 'பிளையிங் ஸ்காட்ஸ்மன்' அதில் ஒன்று.

திரையில் டீசலை ஓட்டுவது ஓரளவு எளிது. வேகக் கைப்பிடியைப் படிப்படியாக உயர்த்தினால் வண்டி நகரும். நீளமான சரக்கு வண்டியை இறக்கத்தில் பிரேக் பிடித்து நிறுத்துவதில்தான் திறமை தேவை. நீராவி அப்படியல்ல. சிலிண்டருக்கு எவ்வளவு ஆவி விடுவது, எந்த இடத்தில் அதை வெட்டுவது, கொதிகலனில் தண்ணீர் மட்டம் என்ன, அடுப்பில் கரி எவ்வளவு, காற்று எவ்வளவு என்று எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டும். மேடு வரப்போகிறது என்றால் பத்து நிமிடம் முன்பே தீயை வளர்க்க வேண்டும். மேட்டில் ஏறிய பிறகு கரி போட்டுப் பயனில்லை. தண்ணீர் மட்டம் மிகவும் இறங்கினால் கொதிகலனே வெடிக்கும் அபாயம் உண்டு. இதைக் கணினியில் கொண்டுவருவது சாதாரண வேலையல்ல. 2017-இல் வந்த 'டிரெயின் சிம் வேர்ல்ட்' டீசலுடன்தான் தொடங்கியது. நீராவி என்ஜின் அதில் ஏற 2022 வரை ஆயிற்று.

காணாமல் போன மனிதர்

இந்த மென்பொருட்கள் பலவற்றில் ஒரு வசதி உண்டு. ஒரு விசையைத் தட்டினால் பயர்மேனின் வேலையைக் கணினியே பார்த்துக்கொள்ளும். விளையாடுபவர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து விசில் ஊதினால் போதும். கரி தானாக விழும், தண்ணீர் தானாக ஏறும்.

அந்த ஒரு விசையில்தான் இந்த ஏக்கத்தின் குறையும் இருக்கிறது. உண்மையான என்ஜினில் அந்த வேலையைச் செய்தவர் ஒரு மனிதர். திறந்த அடுப்பின் அனல் முகத்தில் அடிக்க, ஆடும் தளத்தில் கால் ஊன்றி, டன் கணக்கில் கரியை வாரிப் போட்டவர். வெப்பமண்டல வெயிலில் அந்த அடுப்படி எப்படி இருந்திருக்கும்! வீடு திரும்பும்போது கண்ணும் பல்லும் மட்டுமே வெள்ளையாகத் தெரியும். இருமினால் கரிதான் வரும். எண்ணெய் அடுப்பு வந்தபோதும் டீசல் வந்தபோதும் அந்த வேலை குறைந்து, கடைசியில் மறைந்தே போனது. புகையை அழகு என்று பார்ப்பவர் தூரத்தில் நின்று பார்ப்பவர். உள்ளே நின்றவருக்கு டீசல் ஒரு விடுதலையாகவும் இருந்திருக்கும், வேலை போய்விடுமோ என்ற பயமாகவும் இருந்திருக்கும்.

இதைவிடக் கனமான ஒரு கதையும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் தன் நாட்டு சி56 வகை நீராவி என்ஜின்களில் 90-ஐ மீட்டர் பாதைக்கு ஏற்றபடி மாற்றித் தென்கிழக்காசியாவுக்கு அனுப்பியது. மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள் மடிந்த சயாம் மரண இரயில் பாதையில் இந்த வகை என்ஜின்கள் ஓடின. சுமார் 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போருக்குப் பின்னும் தாய்லாந்தில் ஓடிய அந்த என்ஜின்களில் இரண்டு 1979-இல் ஜப்பானுக்குத் திரும்பின. ஒன்று தோக்கியோவின் யாசுகுனி ஆலய அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சி56 44 என்ற மற்றொன்று ஓயிகாவா மலைப்பாதையில் சுற்றுலா இரயில் இழுத்தது. 2015-இல் அதற்குச் சிவப்பு வர்ணம் பூசி, முகம் பொருத்தி, சிறுவர் கதையில் வரும் 'ஜேம்ஸ்' என்ற என்ஜினாக ஓடவிட்டார்கள். பிள்ளைகள் கை தட்டி வரவேற்றார்கள்.

பிள்ளைகளின் மகிழ்ச்சியில் குற்றம் காண முடியாது. ஆனால் அதே விசில் சத்தம், தாத்தாவைச் சயாமில் பறிகொடுத்த ஒரு தோட்டக் குடும்பத்தின் காதில் வேறு மாதிரி ஒலிக்கும்.

டீசலுக்கும் வந்த ஏக்கம்

நீராவியைக் கொன்ற பாவி என்று பழிக்கப்பட்ட டீசலுக்கும் காலம் வந்தது. 2011 ஜூன் 30-ஆம் தேதி இரவு, 1932-இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி இரயில் புறப்பட்டது. ஜொகூர் சுல்தான் இப்ராகிம் அவர்களே அதை ஓட்டிச் சென்றார். நிலையத்திலும் தண்டவாள ஓரங்களிலும் மக்கள் திரண்டார்கள், பலர் கண் கலங்கினார்கள். அவர்கள் வழியனுப்பியது புகை கக்கும் நீராவி வண்டியை அல்ல. பள்ளி விடுமுறையில் பாட்டி வீட்டுக்கு ஏற்றிச் சென்ற, எண்ணெய் நாற்றமடித்த சாதாரண டீசல் வண்டியை. இன்று மேற்குக் கரையில் மின்சார இரயில் பறக்கிறது. கிழக்குக் கரையின் துமாட் பாதையில் இன்னும் டீசல்தான் ஓடுகிறது. அதையும் படம் பிடித்து வைக்க ஆட்கள் போகிறார்கள்.

ஆகவே நீராவியா டீசலா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது எளிது. அவரவர் பிள்ளைப் பருவத்தில் எது ஓடியதோ அதுவே அவரவருக்கு உயர்ந்தது. இயந்திரத்தை இங்கிலாந்தும் ஜப்பானும் காப்பாற்றிவிடும். அதன் சத்தத்தையும் வேகத்தையும் கணினி காப்பாற்றிவிடும்.

காப்பாற்ற ஆளில்லாமல் கிடப்பது அதில் உழைத்தவர்களின் நினைவு. 1900-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட பிரிக்பீல்ட்ஸ் ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ் வீடுகள் 2010-களில் இடிக்கப்பட்டுவிட்டன. அங்கே வாழ்ந்த தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது. 1957-இல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பயர்மேனுக்கு இன்று தொண்ணூறை நெருங்கும் வயது. வீட்டில் அப்படி ஒரு பெரியவர் இருந்தால், பேரப்பிள்ளைகள் கணினியில் ஓட்டும் இரயிலை ஒரு நாள் அவரிடம் காட்டட்டும். "தாத்தா, மேடு வருது, எப்போ கரி போடணும்?" என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலை ஒரு தாளில் எழுதி, தேதியும் ஊரும் குறித்து வைக்கட்டும். எந்த மென்பொருளிலும் இல்லாத பாடம் அது.