‘அபக’: ஒளித்தோடுதல் என்னும் சொல்லின் பொருள்

திருமறையின் 37ஆம் அத்தியாயமாகிய அஸ்ஸாஃப்பாத்தில், யூனுஸ் நபி (அலை) நிறைந்த கப்பலை நோக்கிச் சென்ற செய்தி 140ஆம் வசனத்தில் வருகிறது. அங்கே ஆளப்பட்ட வினைச்சொல் ‘அபக’ என்பதாகும். தமிழில் இதனை ‘ஓடினார்’ என்றோ ‘ஒளித்தோடினார்’ என்றோ பெயர்ப்பர். இவை பிழையல்ல, எனினும் அரபுச் சொல்லின் உட்பொருள் இவற்றில் முழுமையாக வெளிப்படுவதில்லை. ஒளித்தோடுபவர் யாராகவும் இருக்கலாம். ‘அபக’ என்பதோ எஜமானனை விட்டு அடிமை ஓடிப்போவதற்கு உரிய சொல்லாகும். தம் இரட்சகனின் அனுமதி வருமுன் சமூகத்தாரை விட்டு நீங்கியமையால், நபியாயினும் அவர் அடியாரே என்பதை இச்சொல் உணர்த்துவதாக விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர்.

மறைவாகச் செல்வதெல்லாம் இச்சொல்லுக்குள் அடங்காது. கி.பி. 622இல் நபிகள் நாயகம் (ஸல்) மக்காவை விட்டு மறைவாகவே வெளியேறி, ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கினார்கள். இறை அனுமதியுடன் நிகழ்ந்த அப்பயணம் ‘ஹிஜ்ரத்’ எனப்பட்டது. மூஸா நபி (அலை) அஞ்சி வெளியேறியதைத் தாமே கூறுமிடத்தில் (26:21) ‘ஃபர்ர’ என்னும் வேறு வினையே வருகிறது.

இவ்வேறுபாட்டை அகராதியும் உறுதிசெய்கிறது. ஹிஜ்ரி 711இல் மறைந்த இப்னு மன்ளூர் தமது ‘லிஸானுல் அரப்’ நூலில், அச்சமோ கடும் வேலையோ இன்றி அடிமை ஓடுவதே ‘இபாக்’ என வரையறுக்கிறார். அவ்வாறு ஓடியவன் திருப்பி ஒப்படைக்கப்படுவான். வேலைப்பளுவாலோ அச்சத்தாலோ ஓடியவன் ஒப்படைக்கப்படமாட்டான் என்ற விதியும் அங்கேயே இடம்பெறுகிறது. ஓடியவனைப் பிடித்துத் தருவோர்க்குரிய கூலியைக் கணக்கிட்ட ஃபிக்ஹு நூல்களும் நம்மிடம் உள்ளன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், எதற்கு அஞ்சி ஓடினான் என்ற கேள்வி சொல்லின் வரையறையிலேயே இருப்பது நோக்கத்தக்கது.

இக்கேள்வியின் கனத்தை உணரத் திருக்கடையூரைச் சூழ்ந்த நெல்வயல்களே போதும். ஆட்கள் கோயில்களுக்கு விற்கப்பட்ட செய்தியைக் காவிரிப் படுகையின் சோழர்காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. பிற்காலத்தில் பண்ணையாள் கடனால் நிலத்தோடு பிணைக்கப்பட்டான். ‘ஆள் ஓடிப்போய்விட்டான்’ என்பது பண்ணையாரின் வாக்கியம். ஓடியவனின் காரணம் அதில் இல்லை. 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், மனிதனை உடைமையாகக் கோரும் உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கலாகாது என்றது. ஆனால் 1859ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் பெற்று, தக்க காரணமின்றி வேலையைக் கைவிட்டு, நீதிபதி ஆணையிட்ட பின்னும் இணங்காத தொழிலாளிக்கு மூன்று மாதம் வரை கடுங்காவல் விதிக்க இடமளித்தது. தோட்ட முதலாளிகளுக்கு அது பெரிதும் பயன்பட்டது; 1925ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நீக்கப்பட்டது. திருக்கடையூருக்குத் தெற்கிலுள்ள நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கப்பலேறிய கூலிகளுள் பண்ணைகளை விட்டுச் சென்றோரும் இருந்தனர். பண்ணையாளை விருப்பம்போல் வெளியேற்றுவதைத் தடுத்து, கூலியையும் வரையறுத்த தஞ்சாவூர்ச் சட்டம் 1952இல்தான் வந்தது.

இவர்களை ‘அபக’ என்ற வினையால் குறிக்கலாமா? கடும் வேலையாலும் அடிக்கு அஞ்சியும் ஓடியவர்களை அகராதியின் வரையறையே விலக்கிவிடுகிறது. அநீதி இழைக்காத எஜமானனை விட்டு ஓடும்போதே அச்சொல் முழுப்பொருளில் பொருந்தும். அத்தகைய எஜமானன் அல்லாஹ் ஒருவனே. அதனாலன்றோ, மீனின் வயிற்று இருளில் யூனுஸ் நபி (அலை) எக்காரணமும் காட்டாது, அநீதி தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார்கள் (21:87). பண்ணையை விட்டு ஓடியவனோ அவ்வாறு ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டவன் அல்லன். ஆகவே இவ்வசனத்தைத் தமிழாக்குவோர், ‘எஜமானனை விட்டு ஓடிய அடிமையைப் போல’ என்றொரு விளக்கத்தை அடைப்புக்குறிக்குள் சேர்ப்பது நலம். அப்போது வாசகர்க்கு அந்த எஜமானன் யார் என்பதும் விளங்கும்.